பிஸ்கட் டப்பாவுக்குள் நூல்கண்டு: அடுத்தவர் மனம் நமக்கு எப்போது பிடிபடுகிறது?

வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருந்தால் இதைச் செய்து பார்க்கலாம். பிஸ்கட் டப்பாவை நீட்டி, "உள்ள என்ன இருக்கு?" என்று கேளுங்கள். "பிஸ்கட்டு" என்று சொல்லும். திறந்து காட்டுங்கள்; உள்ளே இருப்பது நூல்கண்டு. மறுபடி மூடிவிட்டு, "அண்ணன் ஸ்கூல்லேருந்து வந்து இந்த டப்பாவப் பாத்தா, உள்ள என்ன இருக்குன்னு நெனப்பான்?" என்று கேளுங்கள். "நூலு!" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். வேடிக்கை அதோடு முடியவில்லை. "தொறக்கறதுக்கு முன்னாடி நீ என்ன நெனச்சே?" என்றாலும் "நூலு"தான்.

குழந்தை பொய் சொல்லவில்லை. உலகம் ஒரு மாதிரி இருக்க, ஒருவர் அதை வேறு மாதிரி நம்பிக்கொண்டிருக்கலாம் என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை. மிட்டாய்ப் பெட்டிக்குள் பென்சிலை ஒளித்துவைத்து 1980களில் உளவியலாளர்கள் செய்த சோதனை இது. இந்த வகைச் சோதனைகளுக்கான யோசனை ஆய்வகத்தில் பிறக்கவில்லை, தத்துவவாதிகளிடமிருந்து வந்தது.

குரங்கில் தொடங்கிய கேள்வி

1978இல் அமெரிக்க ஆய்வாளர்கள் டேவிட் பிரேமாக், கை வுட்ரஃப் இருவரும் சாரா என்ற சிம்பன்சிக்குச் சில வீடியோக்களைக் காட்டினார்கள். ஒன்றில் ஒருவர் பூட்டிய கூண்டுக்குள் தவிக்கிறார். பிறகு நீட்டிய படங்களில், சாவி இருந்த படத்தைச் சாரா எடுத்தது. அப்படியென்றால் அவர் மனத்தில் ஓடுவதைச் சாரா புரிந்துகொண்டது என்று சொல்லலாமா?

அவசரப்பட வேண்டாம் என்றார்கள் டேனியல் டென்னட், ஜோனதன் பென்னட், கில்பர்ட் ஹார்மன் ஆகிய மூன்று தத்துவவாதிகள். பூட்டுக்குச் சாவி என்று தெரிந்தாலே போதுமே. அவர் மனத்துக்குள் எட்டிப் பார்க்க வேண்டியதில்லையே! ஒருவரின் நம்பிக்கை சரியாக இருக்கும்வரை, நாம் பார்ப்பது அவர் மனத்தையா வெளி உலகத்தையா என்று பிரித்தறிய வழியில்லை. அவர் ஏமாந்திருக்கும்போதுதான் இரண்டும் பிரியும். ஆகவே, ஒருவர் தவறாக நம்புவதைக் கண்டுகொள்ள முடிகிறதா என்று சோதியுங்கள் என்றார்கள்.

மாக்ஸியின் சாக்லேட்

அந்த யோசனையை 1983இல் சோதனையாக்கியவர்கள் ஹைன்ஸ் விம்மர், யோசெஃப் பெர்னர். மாக்ஸி என்ற சிறுவன் நீல அலமாரியில் சாக்லேட்டை வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அம்மா அதை எடுத்துப் பச்சை அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வரும் மாக்ஸி எங்கே தேடுவான்? இரண்டு கதைகளில் இப்படிக் கேட்டபோது, 3 முதல் 4 வயதுக் குழந்தைகளில் ஒருவர்கூட இரண்டுக்கும் சரியாகச் சொல்லவில்லை. 4 முதல் 6 வயதில் 57 சதவீதமும், 6 முதல் 9 வயதில் 86 சதவீதமும் சரியாகச் சொன்னார்கள்.

1985இல் சைமன் பாரன்-கோஹன் குழு இதே போன்ற பொம்மைக் கதையை ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளிடம் சொல்லிப் பார்த்தது. 16 பேர் தவறாகச் சொன்னார்கள். 'ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அடுத்தவர் மனம் தெரியாது' என்ற பேச்சு இதையொட்டிப் பரவியது. மீதி நான்கு பேர் சரியாகச் சொன்னதை அந்தப் பேச்சு கணக்கில் எடுக்கவில்லை.

வாய் சொல்வதும் கண் சொல்வதும்

2005இல் வெளியான ஓர் ஆய்வு விவாதத்தைக் கிளறியது. பேசத் தெரியாத 15 மாதக் குழந்தைகள் எதை அதிக நேரம் உற்றுப் பார்க்கின்றன என்று அளந்தார்கள். பொருள் இடம் மாறியதை அறியாத ஒருவர், மாறிய இடத்திலேயே நேராகக் கைவிட்டபோது குழந்தைகள் கூடுதல் நேரம் பார்த்தன. அதை எதிர்பார்க்கவில்லை போலும். 2016இல் சிம்பன்சி, பொனொபோ, ஒராங்ஊத்தன் குரங்குகளுக்குக் கிங்காங் வேடமிட்ட ஆள் ஒளிந்துகொள்ளும் படத்தைக் காட்டினார்கள். அவரைத் தேடி வருபவர் ஏமாந்துபோய் எங்கே தேடுவாரோ, அங்கேயே பல குரங்குகளின் பார்வை முன்கூட்டிப் போனது.

ஆனால் கைக்குழந்தைச் சோதனைகள் சிலவற்றைத் திரும்பச் செய்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை. கிடைத்தாலும் ஒரு கேள்வி மிஞ்சும்: கண் சரியான இடத்துக்குப் போய்விட்டால், அந்தக் குழந்தைக்கு 'தெரியும்' என்று சொல்லிவிடலாமா? தெரிவது என்றால் என்ன என்பதை எந்தக் கருவியும் அளந்து சொல்லாது. தத்துவவாதிகள் கொடுத்த கேள்வி, ஆய்வகங்களைச் சுற்றிவிட்டு அவர்களிடமே திரும்பியிருக்கிறது.

டப்பாவைப் பத்திரமாக வைத்திருங்கள். இரண்டு வருடம் கழித்து அதே குழந்தையிடம் அதே கேள்வியைக் கேளுங்கள். "பிஸ்கட்டுன்னுதான் நெனப்பான்" என்று சொல்லி, அண்ணன் ஏமாறப்போவதை நினைத்து முன்கூட்டியே சிரிக்கும்.