செட்டிநாட்டுக்கு ஓர் ஆற்றுப்படை

பரிசில் பெற்று மீள்பவன் ஒருவன், வழியிடை எதிர்ப்பட்ட வறியோனை நோக்கி, இன்ன வழியே சென்றால் இன்ன வள்ளலைக் காணலாம் என்று கூறி ஆற்றுப்படுத்துவது நம் முன்னோர் கண்ட நெறி. பத்துப்பாட்டினுள் ஐந்து பாட்டுக்கள் அந்நெறி பற்றி எழுந்தவை என்பதைத் தமிழ் பயிலும் மாணாக்கர் அனைவரும் அறிவர். செல்லும் வழி, இடையிற் கிடைக்கும் உணவு, தங்குமிடம், வள்ளலின் இயல்பு ஆகியன அவற்றுள் விரித்துரைக்கப்படும். இக்காலத்தில் அத்தொழிலையே அலுவலகம் அமைத்துச் செய்கின்றனர். அஃது எவ்வாறு நடைபெறுகிறது என்பதையும், செட்டிநாட்டுக்கு அதனால் விளையத்தக்கது யாது என்பதையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

இவ்வகை அலுவலகத்தின் தோற்றம் அமெரிக்க நாட்டில் நிகழ்ந்தது. டெட்ராய்ட் நகரத்தில் அடிக்கடி வணிகர் மாநாடுகள் கூடிவந்தன. அழையாமலே இத்துணைப் பேர் வருவாராயின், முயன்று அழைத்தால் எத்துணைப் பேர் வருவர் என்று செய்தித்தாள் எழுத்தாளர் ஒருவர் 1896-ஆம் ஆண்டில் வினவினார். அவ்வாண்டிலேயே அந்நகர வணிகர்கள் அதற்கென ஒரு கழகம் நிறுவினர். மாநாட்டுக்கு வருவோரையும் ஊர் காண வருவோரையும் வரவழைக்கும் கழகங்கள் பின்னர்ப் பல நாடுகளிலும் பரவின. அமெரிக்க நகரங்கள் பலவற்றில், விடுதி அறைகளுக்கு விதிக்கும் வரியின் ஒரு பகுதி இவற்றின் செலவுக்கு உதவுகிறது.

இக்கழகம் தானே விடுதி நடத்துவதன்று, மண்டபம் கட்டுவதுமன்று. விருந்தினரையும் ஊராரையும் இணைத்து வைப்பதே அதன் பணி. மருத்துவர், பொறியாளர், ஆசிரியர் முதலியோரின் சங்கங்கள் ஆண்டுதோறும் ஊர் மாறி மாநாடு கூட்டுவது வழக்கம். அடுத்த மாநாடு எங்கே என்று அவர்கள் ஆராயும்போதே கழகத்தார் சென்று தம் ஊரை முன்மொழிவர். எத்தனை அறைகள் உள, மண்டபத்தில் எத்தனை பேர் அமரலாம், புகைவண்டி எப்பொழுது வரும் என்பவற்றைத் தொகுத்து நூலாக அளிப்பர். சங்கத்தாரை அழைத்து வந்து இடங்களை நேரிற் காட்டுவர். மாநாடு முடிந்தபின் விருந்தினர் மேலும் ஒரு நாள் தங்கி ஊரைக் காணுமாறு திட்டம் வகுப்பர். பயண நூல் எழுதுவோரை வரவழைப்பர், வழிகாட்டிகளைப் பயிற்றுவர், விடுதிகள் வெறிதே கிடக்கும் மாதங்களில் கூட்டங்கள் நிகழுமாறு முயல்வர்.

நம் நாட்டில் மாநாடுகளை ஈர்க்கும் பொருட்டு 1988-இல் இந்திய மாநாட்டு மேம்பாட்டுக் கழகம் நிறுவப்பெற்றது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1971-இல் தோன்றியது. அதுவும் மாநிலச் சுற்றுலாத் துறையும் செட்டிநாட்டைப் பிற இடங்களோடு சேர்த்து உலகுக்கு அறிவித்து வருகின்றன.

அறிவித்தற்குரிய பொருளும் இங்குக் குறைவின்று. பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் கொண்டு நகரத்தார் எழுப்பிய மாளிகைகள், கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் குழம்பை வார்த்து ஆத்தங்குடியிற் செய்யும் தளக்கற்கள், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலை, பிள்ளையார்பட்டிக் குடைவரைக் கோயில், ஆச்சிமாரின் கைப்பக்குவம் எனப் பலவற்றைக் கூறலாம். செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்குரிய உத்தேசப் பட்டியலிலும் இடம்பெற்றன.

மாநாடும் காரைக்குடிக்குப் புதிதன்று. சா. கணேசன் அவர்கள் 1939-இல் தொடங்கிய கம்பன் கழகம் பங்குனித் திங்களில் விழாவெடுத்துப் புலவரையும் சுவைஞரையும் பன்னூறு கல் தொலைவிலிருந்தும் வரவழைத்தது. கம்பர் சமாதி உள்ள நாட்டரசன்கோட்டையில் அவ்விழாவை நிறைவு செய்தது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் ஈந்தமையால், மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948-இல் இங்கே அடிக்கல் நாட்டப்பெற்றது. 1985 முதல் அழகப்பா பல்கலைக்கழகமும் உளது. அறிவினரை ஓர் ஊருக்கு ஈர்ப்பது விளம்பரம் மட்டுமன்று, அங்கு நிகழும் அரிய செயலே என்பதற்கு இவையே சான்று.

சென்ற விடுமுறையில் யாம் தோழர் சிலருடன் கானாடுகாத்தான் சென்றிருந்தோம். ஒரு மாளிகையைக் காத்துவரும் முதியவர் கதவைத் திறந்து முகப்பையும் வளவையும் காட்டினார். தூண்களின் பளபளப்பை வியந்து நின்ற எம்மை நோக்கி, “தம்பிகளா, வருகிறவர்கள் எல்லாரும் வியந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். மழை வந்தால் எந்த மூலையில் ஒழுகும் என்று ஒருவரும் கேட்பதில்லை,” என்றார். யாம் மறுமொழி கூற அறியாது தலைகுனிந்தோம்.

அம்மாளிகைகள் பல பங்காளிகளுக்கு உரியன. அவர்கள் வெவ்வேறு ஊர்களிலும் நாடுகளிலும் வாழ்கின்றனர். திருமணத்துக்கோ படைப்புக்கோ கூடுகின்றனர். பழுது பார்க்கும் செலவோ பெரிது. ஆகவே சில வீடுகள் இடிக்கப்பட்டு, அவற்றின் கதவும் தூணும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளில் விலையாகின்றன. வள்ளலின் மனையே இல்லையாயின் ஆற்றுப்படுத்துவதால் யாது பயன்?

ஆதலின், இப்பகுதிக்கென ஒரு வரவேற்புக் கழகம் அமையுமாயின் அது செய்தற்குரியன மூன்று. முதலாவது, வருவோர் தரும் பொருளில் ஒரு பங்கை ஓடு மாற்றவும் ஊருணி தூர் வாரவும் ஒதுக்குதல். இரண்டாவது, வீட்டார் அனைவரும் மனமொப்பித் திறக்கும் வாயில்களை மட்டுமே காட்டுதல். மூன்றாவது, மெய்யே உரைத்தல். மலைபடுகடாம் பாடிய புலவர் வழியிலுள்ள இடர்களையும் மறையாது கூறினார் அல்லரோ? சித்திரை வெயில் கடிது. விமானத்தில் வருவோர் மதுரையிலோ திருச்சியிலோ இறங்கி ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சாலை வழியே வரவேண்டும். இவற்றையும் உரைக்கும் அலுவலகத்தின் சொல்லே ஏனையவற்றிலும் நம்பப்படும்.

ஆற்றுப்படுத்துவோன் தானும் அவ்வள்ளலிடம் பெற்றவன் என்பது ஆற்றுப்படையின் உயிர்நிலை. நம்மிற் பலர் அந்நாட்டின் பள்ளிகளிற் பயின்று, அந்நாட்டுச் செல்வர் கொடையால் கல்வி பெற்றோம். ஆகவே மாணாக்கரே! அடுத்த விடுமுறையில் அங்குச் செல்வோமாயின், படம் எடுப்பதோடு அமையாது, எந்த மூலையில் ஒழுகுகிறது என்றும் கேட்போமாக.