சாப்ட்பாலும் உலோக முள் காலணியும்

சாப்ட்பாலில் ஓடுபவரும் தடுப்பவரும் நேருக்கு நேர் மோதிக்கொள்ளும் இடம் பேஸ். ஒரு பேஸிலிருந்து அடுத்ததற்கு 18.29 மீட்டர். பந்து வந்து சேர்வதற்குள் பேஸைத் தொட வேண்டும் என்பதால், ஓடிவருபவர் கடைசித் தூரத்தைக் காலை முன்னே நீட்டிச் சறுக்கிக் கடக்கிறார். பந்துக்காகக் குனிந்து நிற்பவரின் கணுக்கால், முழங்கால், கை எல்லாம் அப்போது அந்தக் காலணியின் அடிப்பக்கத்துக்கு எதிரே இருக்கும். அதில் உலோக முள் இருந்தால் தோல் கிழியும். சறுக்குபவரும் தப்புவதில்லை. முள் மண்ணில் மாட்டிக்கொள்ள, உடல் மட்டும் வேகம் குறையாமல் முன்னே போகும். கணுக்கால் பிசகும், எலும்பும் முறியலாம்.

பன்னாட்டு விதிப்படி முள்ளின் நீளம் 1.9 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. அதுவும் தட்டையான தகடாக இருக்க வேண்டும். உருண்ட கூர்முள்ளுக்கு அனுமதி இல்லை. தடகள வீரர்களின் ஸ்பைக்ஸ் இந்த இரண்டாவது வகை. ஓட்டப் பந்தயத்துக்கு வாங்கியதையே மாணவி சாப்ட்பாலுக்கும் போட்டு வந்தால், உடற்கல்வி ஆசிரியர் அதைக் கழற்றச் சொல்லத்தான் வேண்டும். அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களுக்கு உலோக முள் அனுமதிக்கப்படுகிறது. 12 வயதுக்கு உட்பட்ட பிரிவில் அங்கும் கிடையாது.

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், புதுச்சேரியை ஒட்டிய குயிலாப்பாளையம் போன்ற ஊர்களின் நிலைமை வேறு. இது செம்மண் பூமி. கோடையில் தரை இறுகிக் கட்டாந்தரையாகிவிடும். முள் உள்ளே இறங்காது. மேலேயே நின்று வழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் இளகும்போது பிடிப்பு தேவைதான், ஆனால் பள்ளி ஆட்டத்தின் வேகத்துக்கு ரப்பர் குமிழ் வைத்த காலணியே போதும். இதைவிட முக்கியமானது, கபடியும் கோகோவும் வெறுங்காலில் ஆடிப் பழகிய பிள்ளைகள் சாப்ட்பாலுக்கும் அப்படியே வந்து நிற்பது. ஒருவர் காலில் உலோகமும் எதிரே நிற்பவர் காலில் ஒன்றுமில்லாமலும் இருந்தால் அந்த ஆட்டத்தைத் தொடங்கவே கூடாது. எல்லோருக்கும் முள் இல்லாத காலணி என்பதே இங்கே பொருத்தமான விதி.

காலணியை மாற்றினால் மட்டும் போதாது, பேஸையும் கவனிக்க வேண்டும். தரையோடு அசையாமல் பொருத்திய பேஸுக்குப் பதில், மோதினால் கழன்றுகொள்ளும் பேஸை வைத்தபோது சறுக்கல் காயங்கள் 96 சதவீதம் குறைந்ததாக 1988இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. முதல் பேஸில் வெள்ளை, ஆரஞ்சு என இரண்டு பேஸ்களை ஒட்டி வைப்பதும் மோதலைத் தவிர்க்கத்தான்: தடுப்பவருக்கு வெள்ளை, ஓடிவருபவருக்கு ஆரஞ்சு.

காயம் பட்டுவிட்டால் ஓடும் நீரில் மண் போகக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்த வேண்டும். வெட்டு ஆழமாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடனே கொண்டுபோக வேண்டும். 10 வயதிலும் 16 வயதிலும் போடும் டி.டி. தடுப்பூசி விடுபட்டிருந்தால் அதையும் அங்கே சொல்லிவிட வேண்டும்.