எட்டிப் பார்த்துப் பாய்ச்சுங்கள்

‘நெல் வயலில் துளை போட்ட பிளாஸ்டிக் குழாயைப் புதைத்தால் தண்ணீர் 30 சதவீதம் மிச்சமாகும் என்கிறார்களே, உண்மையா?’ என்று திருவாரூர்ப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். குழாய் எதையும் மிச்சப்படுத்தாது. மண்ணுக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று காட்டும். நெல் விவசாயிக்கு அதுவே பெரிய உதவி.

குழாய் 30 செ.மீ நீளம். கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளைகள். அந்தப் பாதி மண்ணுக்குள் இருக்க வேண்டும். உள்ளே அடைத்த சேற்றை அள்ளி எறிந்துவிட வேண்டும். வயலில் தண்ணீர் நிற்கும்போது குழாயின் உள்மட்டமும் வெளிமட்டமும் ஒன்றாக இருந்தால் துளைகள் அடைபடவில்லை என்று அர்த்தம். பிறகு மேல்மண் காய்ந்து மயிரிழை வெடிப்பு விட்டாலும் பதற்றம் வேண்டாம். குழாய்க்குள் எட்டிப் பாருங்கள். தண்ணீர் தரைமட்டத்துக்கு 15 செ.மீ கீழே இறங்கிய பிறகு, 5 செ.மீ நிற்குமாறு பாய்ச்சினால் போதும்.

மேலே காய்ந்த வயலில் பயிர் ஏன் வாடுவதில்லை? இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் இருக்கிறது. அகல்விளக்கில் எண்ணெய் அடியில் கிடக்கிறது, சுடர் விளிம்பில் எரிகிறது. இரண்டையும் சேர்ப்பது திரி. வயலில் மண்தான் திரி. துகள்களுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளிகள் கீழிருக்கும் தண்ணீரை வேர் வரை ஏற்றிக் கொடுக்கின்றன. களிமண் இறுக்கித் திரித்த திரி. மெதுவாக, ஆனால் வெகு உயரம் ஏற்றும். மணற்பாங்கான மண் பிரிந்துபோன பஞ்சு. எண்ணெய் சற்று இறங்கினாலே சுடர் தடுமாறும். அங்கே முன்னதாகவே பாய்ச்சிவிடுவது நல்லது. ஏற்றிய புதிதில் திரி முழுக்க ஊறியிருக்க வேண்டும். நட்ட முதல் இரண்டு வாரம் தண்ணீர் நிற்கட்டும், களையும் அடங்கும். பூக்கும் பருவம் காற்றடிக்கும் நேரம். அப்போது எண்ணெய் குறைந்தால் மணிக்குப் பதில் பதர்தான் மிஞ்சும். சேற்றுழவில் இறுகிய அடிமண் அகலின் அடி. வரப்பிலுள்ள நண்டு வளையும் எலி வளையும் அகலில் விழுந்த கீறல்கள். விளிம்பு வரை நிரப்பினால் அழுத்தம் கூடி ஒழுக்கும் கூடும். மட்டம் தாழ்ந்தால் ஒழுக்கு குறையும். தண்ணீர் பெரும்பாலும் மிச்சமாவது இந்த இடத்தில்தான்.

இனி அந்த 30 சதவீதத்தைப் பார்ப்போம். ஒரு கிலோ நெல்லுக்கு மழையும் பாசனமுமாகச் சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு. அதில் சுமார் 1,400 லிட்டர் ஆவியாகவும் பயிரின் வழியாகவும் காற்றில் கலக்கிறது. மீதி வரப்பில் கசிந்தோ மண்ணில் இறங்கியோ போகிறது. இப்படிக் காயவிட்டுப் பாய்ச்சும் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ முறை முக்கியமாகக் குறைப்பது இந்த மீதியைத்தான். ஆனால் மண்ணில் இறங்கியதெல்லாம் வீணா? நிலத்தடி நீர் நன்றாக உள்ள ஊரில் அது பக்கத்து வயல்காரரின் கிணற்றில் ஊறும். உப்புநீர் ஏறிய கடற்கரைப் பகுதியில்தான் அது திரும்பக் கிடைக்காது. ஆகவே ஒரே குழாய் ஓரிடத்தில் தண்ணீரைக் காப்பாற்றுகிறது, இன்னோரிடத்தில் இறைக்கும் செலவை மட்டும் குறைக்கிறது. இரண்டும் நல்லவைதான். ஆனாலும் இரண்டையும் ஒரே சதவீதமாகச் சொல்வது தவறு.

இந்தக் குழாயின் வரலாறு நீளமில்லை. திருந்திய நெல் சாகுபடி வழியாக ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ இங்கே பலருக்கும் பழக்கம். குழாயைப் பரப்பியது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம். பிலிப்பைன்ஸின் டார்லாக் மாகாணத்தில் ஆழ்குழாய்க் கிணற்றைப் பகிர்ந்துகொண்ட விவசாயிகளிடம் 2002 வாக்கில் அது சோதிக்கப்பட்டது. எரிபொருள் செலவு அவர்கள் பையிலிருந்து போனது. பாய்ச்சாத ஒவ்வொரு நாளும் அவர்களுக்குக் காசு. வங்கதேசத்தில் பல இடங்களில் பருவத்துக்கு இவ்வளவு என்று நிலப்பரப்பைப் பார்த்துக் கட்டணம். அங்கே மிச்சத்தின் பலன் பம்ப்செட் வைத்திருப்பவருக்கே போனது.

மீத்தேன் குறையும், கார்பன் வரவு விற்றுப் பணம் பார்க்கலாம் என்ற பேச்சும் இப்போது பலமாக இருக்கிறது. மண்ணுக்குள் காற்று நுழைந்தால் மீத்தேன் குறைவது உண்மை. அதே காய்ச்சலில் நைட்ரஸ் ஆக்சைடு கூடலாம் என்பதும் உண்மை. எந்த வயல் எத்தனை நாள் காய்ந்தது என்று நிரூபிப்பதோ எளிதல்ல. கார்பன் வரவுகளுக்குச் சான்று தரும் வெர்ரா அமைப்பு 2024-இல் சீனாவின் 37 நெல் வயல் திட்டங்களை நிராகரித்தது. அந்தப் பணத்தை நம்பி யாரும் கடன் வாங்க வேண்டாம்.

வாசகருக்கு என் பதில்: குழாயைப் புதையுங்கள், பலன் உண்டு. ஆனால் வாய்க்காலில் முறை வரும்போது பிடிக்காவிட்டால் அடுத்த முறை எப்போது என்று தெரியாத கடைமடைக்காரரும், மும்முனை மின்சாரம் வந்த நேரத்தில் மோட்டாரை ஓட்டிவிட நினைப்பவரும் வயலை நிரப்பத்தான் செய்வார்கள். அது அறியாமை அல்ல, எச்சரிக்கை. எத்தனை குழாய்கள் கொடுத்தோம் என்று எண்ணுவதற்கு முன்னால், அடுத்த தண்ணீர் எந்த நாளில் வரும் என்ற உறுதியை அந்த விவசாயிக்குக் கொடுக்க வேண்டும். அந்த உறுதி இருந்தால்தான் குழாய் காட்டும் மட்டத்தை நம்பி அவர் காத்திருக்க முடியும்.