பேனல் பெட்டிக்கும் வியர்க்கும்

மார்கழிக் கடைசி. நாகைப் பக்கம் ஒரு வயலில், விடிந்தும் விடியாத நேரத்தில் மோட்டார் பெட்டியைத் திறந்தோம். மேல் தகட்டின் உட்புறம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சொட்டு கான்டாக்டர் மேல் விழுந்தது.

"மழை பெஞ்சு பத்து நாளாச்சு. சந்துபொந்தெல்லாம் எம்சீல் வச்சு அடைச்சிட்டேன். எந்த வழியாண்ணே தண்ணி வருது?" என்றார் வயல்காரர்.

எலக்ட்ரீஷியன் மெயினை இறக்கிவிட்டு டிரில்லிங் மெஷினை எடுத்தார். "அடியில ஓட்டை போடணும் தம்பி." வயல்காரர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

தண்ணீர் தண்ணீராகவே உள்ளே வரவில்லை. காற்றோடு ஆவியாக வந்தது. பகல் வெயிலில் பெட்டிக்குள் 50 டிகிரி, இரவில் 20 டிகிரி என்றால் உள்ளிருக்கும் காற்று ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். அந்த இடத்தை நிரப்ப காஸ்கெட் இடுக்கு, ஒயர் வரும் பைப் என்று கிடைத்த வழியில் ஈரக்காற்றை இழுத்துக்கொள்ளும். பெட்டி தினமும் ஒருமுறை மூச்சு விடுகிறது. ஒரு கன மீட்டர் காற்று 30 டிகிரியில் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான். மிச்சம், இருப்பதிலேயே குளிர்ந்த இடத்தில் படியும். வானம் பார்த்துக் கிடக்கும் மேல் தகடு, தெளிந்த இரவில் சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். அதனால்தான் முத்துகள் அங்கே.

சின்னப் பெட்டியில் ஓர் இரவுக்கு ஒரு கிராம்கூடத் தேறாது. ஆனால் அது தினமும் நடக்கிறது. இண்டு இடுக்கெல்லாம் அடைத்த பெட்டியில் வந்த ஈரம் முழுதாக வெளியேறவும் வழியில்லை. ஐ.பி.65 முத்திரை தூசியையும் பீய்ச்சும் நீரையும் தடுக்கும் என்கிறது. நீராவியைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

கடலோரத்தில் இன்னொரு வில்லங்கம். டெர்மினல்களுக்கு நடுவே படிந்த தூசியில் உப்பு இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே உப்பு கசிந்து மின்சாரம் கடத்தத் தொடங்கும். சொட்டு விழ வேண்டிய அவசியமே இல்லை. செம்பில் களிம்பு ஏறுவது கண்ணுக்குத் தெரியும். மெல்லிய கசிவு மின்னோட்டம் பிளாஸ்டிக்கைக் கருக்கிக் கரித்தடம் போடுவது பெரும்பாலும் பியூஸ் போன பிறகுதான் தெரியும்.

மருந்து கொஞ்சம் சூடுதான். வெளியே 25 டிகிரியில் காற்று ஈரத்தால் நிறைந்து நிற்கும்போது, உள்ளே 30 டிகிரி இருந்தால் ஈரப்பதம் 75 சதவீதம். 33 டிகிரி இருந்தால் 63. கடலோரத்துக்கு இரண்டாவது கணக்குதான் சரி. அந்தக் காலத்து மிஸ்திரிகள் பேனலுக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்டதன் சூட்சுமம் இதுதான். பிறகு யாரோ மிச்சம் பிடிப்பதாக நினைத்து அங்கே எல்இடி மாட்டினார்கள். வெளிச்சம் இருந்தது, சூடு போய்விட்டது. இப்போது தெர்மோஸ்டாட் வைத்த சின்ன ஹீட்டர்கள் கிடைக்கின்றன. அதற்கான இணைப்பை மெயின் சுவிட்சுக்கு முன்பே தனி பியூஸ் வழியாக எடுக்க வேண்டும். மெயினை அணைத்ததும் ஹீட்டரும் அணைந்தால், பெட்டி குளிரும் நேரத்தில் காவல் இருக்காது. பழுது பார்க்கும்போது அந்தத் தனி பியூஸையும் மறக்காமல் பிடுங்க வேண்டும்.

சிலிக்கா ஜெல் பொட்டலத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை. டிரான்ஸ்பார்மரிலும் சிலிக்கா ஜெல் உண்டு; ஆனால் அங்கே காற்று அதன் வழியாக மட்டுமே உள்ளே போகிறது. நிறம் மாறினால் மாற்றவும் ஆள் உண்டு. வயல் பெட்டியில் சும்மா கிடக்கும் பொட்டலம் சீக்கிரமே ஈரம் குடித்து நிறைந்துவிடும். அதைவிட, கிணற்றிலிருந்து வரும் ஒயர் பைப்பின் வாயை அடைப்பதும், பெட்டிக்கு மேல் நாலு விரல் இடைவெளி விட்டு ஒரு தகரம் போடுவதும் உருப்படியான வேலை.

படியும் தண்ணீர் வடிந்து போக, எலக்ட்ரீஷியன் பெட்டியின் அடி மூலையில் துளை போட்டு, இரும்புத் தூளைத் துடைத்தெடுத்தார். பிறகு கொசுவலைக் கம்பியில் ஒரு துண்டு வெட்டி உள்பக்கம் ஒட்டினார். "இல்லேன்னா நாளைக்கே பல்லி குடி வந்துரும் தம்பி."