தனியா ரூம் எடுத்துத் தங்குறீங்களா? அடுப்பு வாங்குறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க

போன வீடியோவுல முதல் சம்பளத்தை எப்படிப் பிரிக்கிறதுன்னு பேசியிருந்தோம். அதுல சாப்பாட்டுச் செலவை ஒரே வரியில தாண்டிப் போயிட்டேன். ஆனா 20,000, 25,000 சம்பளத்துல வீட்டை விட்டு வந்து தங்கியிருக்கிறவங்களுக்கு, வாடகைக்குச் சமமாவோ அதுக்கு மேலயோ போற செலவு அதுதான்.

என் சித்தி பையன் தஞ்சாவூர்ல வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம் ஆகுது. மெடிக்கல் காலேஜ் ரோடு பக்கம் ஒரு ரூம், 4,500 வாடகை. கையில வர்ற சம்பளம் 21,000. அதுல 8,000 வீட்டுக்கு அனுப்புறான். காரணம், குறுவைச் செலவுக்காக சித்தியோட சங்கிலியை அடகு வெச்சிருக்காங்க. அதை எப்படியாவது தீபாவளிக்குள்ள மீட்டுடணும்னு அவனுக்கு ஒரு வைராக்கியம். பெட்ரோல், போன் எல்லாம் சேர்த்து 2,000. மிச்சம் 6,500. காலைல 50, மதியம் 80, ராத்திரி 60, ஒரு நாளைக்கு 190 ரூபாய். மாசத்துல 26 நாள் ரூம்ல இருந்தா 4,940. டீ, வடை கணக்குல சேர்க்கல.

அதுல மிச்சம் பிடிக்க அவன் கண்டுபிடிச்ச வழி, ராத்திரி சாப்பாட்டை விட்டுடுறது. ரெண்டு பிஸ்கட் பாக்கெட், ஒரு டீ. மூணாவது மாசமே வயித்து வலி, டாக்டர் பீஸ், மாத்திரைன்னு மிச்சம் பிடிச்சது அத்தனையும் போச்சு. அப்புறம்தான் போன் பண்ணினான். "அண்ணே, ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கிடட்டுமா? கேஸ் நல்லதா, கரண்ட் நல்லதா?"

நான் ரெண்டையும் இப்போதைக்கு வாங்காதேன்னு சொன்னேன். ஏன்னு சொல்றேன்.

அடுப்போட விலை 2,000 இல்ல, 5,000

கடையில இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 ரூபாய்க்குக் கிடைக்கும். ஆனா அதை மட்டும் வெச்சு என்ன பண்ணுவீங்க? அம்மா குடுத்துவிட்ட அலுமினியப் பாத்திரம் எதுவும் அதுல சூடாகாது. அடியில காந்தம் ஒட்டுற பாத்திரம்தான் வேணும். குக்கர் ஒன்னு 1,500, கடாய் 800, தோசைக்கல், கரண்டி, டப்பா, கத்தி எல்லாம் 700. மொத்தம் 5,000 வந்துடும். விலை கடைக்குக் கடை கொஞ்சம் மாறும், நீங்க கேட்ட விலையைப் போட்டுக்கங்க.

ராத்திரி மெஸ்ல 60 ரூபாய். நீங்களே சமைச்சா அரிசி, காய், எண்ணெய், கரண்ட் எல்லாம் சேர்த்து 30 ஆகும்னு வெச்சுக்குவோம். ஒரு வேளைக்கு 30 ரூபாய் மிச்சம். அப்ப போட்ட 5,000 திரும்பி வர 167 ராத்திரி சமைக்கணும். மாசம் 15 நாள் சமைச்சா 11 மாசம் ஆகும். வாடகை ஒப்பந்தமும் வழக்கமா 11 மாசம்தான்! ஆக, முதலை எடுத்து முடிக்கிற நேரத்துல நீங்க ரூமையே காலி பண்ணிட்டிருப்பீங்க. மாசம் ஆறு நாள்தான் சமைப்பீங்கன்னா 28 மாசம் ஆகும்.

மாசம் 15 நாள் சமைக்கிறது பெரிய விஷயம். என் கதையைச் சொல்றேன். முதல் வேலைல இருந்தப்ப நானும் வாங்கினேன். முதல் வாரம் சாம்பார், ரசம், உருளைக்கிழங்கு வறுவல்னு தடபுடல். ரெண்டாவது வாரம் மேகி. ஒரு முட்டைகோஸ் வாங்கினா பாதிதான் ஒருத்தருக்கு ஆகும். பிரிட்ஜ் கிடையாது, மீதி தஞ்சாவூர் வெயில்ல மூணாவது நாள் நாறிடும். எட்டரை மணிக்கு ரூமுக்கு வந்து, காய் வெட்டி, சமைச்சு, சாப்பிட்டு, அந்தக் குட்டி பாத்ரூம்ல குத்தவெச்சுப் பாத்திரம் தேய்ச்சா பத்தரை. மொத்தமா பதினொரு தடவைதான் சமைச்சிருப்பேன். ரூம் மாறும்போது அந்த அடுப்பை 700 ரூபாய்க்குக் குடுத்துட்டு வந்தேன்.

இதே அடுப்பு மூணு பேர் இருக்கிற ரூம்ல சூப்பரா வேலை செய்யும். தலைக்கு 1,667 ரூபாய் போட்டா போதும். முட்டைகோஸ் வீணாகாது. ஒருத்தன் வெட்ட, ஒருத்தன் சமைக்க, ஒருத்தன் தேய்க்க. தலைக்கு ஒரு வேளைக்கு 38 ரூபாய் மிச்சமானா, 44 ராத்திரில முதல் திரும்பிடும். அறுவடை நேரத்துல வெளியூர்ல இருந்து மெஷினோட வர்ற ஆட்களைப் பார்த்திருப்பீங்க. வண்டியிலயே அடுப்பு, அரிசி மூட்டை, ஒரு பெரிய சட்டி. வயல் ஓரமா நிறுத்திப் பொங்கிச் சாப்பிடுவாங்க. நாலஞ்சு பேர், தினமும் ஒரே நேரத்துல பசி, பக்கத்துல கடையும் இருக்காது. அவங்களுக்கு அடுப்பு கட்டாயம். தனியா ஒரு ரூம்ல, கீழே இறங்கினா மூணு மெஸ் இருக்கிற இடத்துல இருக்கிற உங்களுக்கு அது அப்படி இல்ல.

கரண்ட் பில் பயம்

நிறைய பேர் இண்டக்‌ஷன் வேணாம்னு சொல்றதுக்குக் காரணம் கரண்ட் பில். உண்மையில அது சின்ன செலவு. 1,200 வாட்ல 20 நிமிஷம் ஓடினா 0.4 யூனிட். காலை, ராத்திரி ரெண்டு வேளைக்கு 0.8 யூனிட். ஹவுஸ் ஓனர் சப் மீட்டர் வெச்சு யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்கினாக்கூட நாளைக்கு 8 ரூபாய்தான், 26 நாளைக்கு 208.

உங்க போர்ஷனுக்குத் தனி மின் இணைப்பு இருந்தா இன்னும் நல்லது. வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம்னு உங்களுக்கே தெரியும். 75 வாட் ஃபேன் நாளைக்கு 10 மணி நேரம் ஓடினா 60 நாளைக்கு 45 யூனிட். லைட், சார்ஜர் ஒரு 9. ரெண்டு வேளைச் சமையல் 52 நாளைக்கு சுமார் 42. மொத்தம் 96. நூறுக்குள்ளயே அடங்கிடுது!

அப்புறம் ஏன் ஓனர்கள் இண்டக்‌ஷன்னாலே முகம் சுளிக்கிறாங்க? அவங்க மேலயும் நியாயம் இருக்கு. அவங்க வீடும் உங்க ரூமும் ஒரே மீட்டர்ல இருந்தா, ரெண்டு மாச உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டுறப்ப கட்டண அடுக்கே மாறிடும். 101ல இருந்து 200 வரைக்கும் இருக்கிற குறைஞ்ச ரேட் அவங்களுக்குக் கிடைக்காது. 490ல நிக்கிற வீட்டை உங்க 40 யூனிட் தள்ளிவிட்டா, அந்த 40 யூனிட்டுக்கு மட்டும் இல்ல, பில் மொத்தத்துக்கும் அடி விழும். அதனால அட்வான்ஸ் குடுக்கிறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க: மீட்டர் தனியா, சப் மீட்டரா, யூனிட் எவ்வளவு, ரூம்ல சமைக்கலாமா, அசைவம் சமைக்கலாமா. வாயால சொன்னதை ஒப்பந்தத்துல ஒரு வரி எழுதி வாங்குங்க. புகை படிஞ்ச சுவருக்கு பெயின்ட் செலவுன்னு அட்வான்ஸ்ல கை வைக்கிற சண்டை இதனாலதான் வருது.

இன்னொன்னு, ப்ளக். 2,000 வாட்னா கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். ரூம்ல கட்டில் பக்கத்துல இருக்கிற சின்ன ப்ளக் பாயின்ட் 6 ஆம்பியருக்குத்தான். கன்வெர்ட்டர் போட்டுச் சொருகினா ஒரு நாள் உருகும். 16 ஆம்பியர் பாயின்ட் இல்லாத ரூம்ல இண்டக்‌ஷன் வேண்டவே வேண்டாம்.

கேஸ் பத்தி

ஒரு புது 14.2 கிலோ இணைப்புக்கு 2022 ஜூன்ல இருந்து டெபாசிட் 2,200, ரெகுலேட்டர் 250. டெபாசிட் திரும்பக் கிடைக்கிற காசு, சரி. ஆனா முகவரிச் சான்று வேணும், அடுப்பு தனி, ட்யூப் தனி. ஒரு ஆளுக்கு ஒரு சிலிண்டர் மாசக்கணக்கா ஓடும், அதுக்குள்ள நீங்க வேலை மாறிடுவீங்க. முகவரிச் சான்று இல்லாதவங்களுக்காகவே 5 கிலோ சிலிண்டர் இருக்கு. அடையாள அட்டை காட்டினா போதும். கிலோ கணக்குல பார்த்தா பெரிய சிலிண்டரை விட விலை கூடுதல், ஆனா முறையானது. வீட்டு சிலிண்டர்ல இருந்து சின்ன சிலிண்டருக்கு மாத்தி அடைச்சுக் குடுக்கிற கடைப் பக்கம் மட்டும் போகாதீங்க. அது சட்டவிரோதம், உயிருக்கும் ஆபத்து.

இது பணக் கணக்கைத் தாண்டின விஷயம். சமையல் கேஸ் காத்தை விட கனமானது. கசிஞ்சா மேலே போகாது, தரையோட தேங்கும். பத்துக்குப் பத்து ரூம்ல, ஜன்னலைச் சாத்திட்டு, நீங்க பாய் விரிச்சுப் படுத்திருக்கிறதும் அதே தரைதான். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலைல மதுரை ஸ்டேஷன் பக்கத்துல நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில் பெட்டி எரிஞ்சது ஞாபகம் இருக்கும். லக்னோவுல இருந்து வந்த பயணிகள், தடையை மீறி உள்ள சிலிண்டர் கொண்டு வந்திருந்தாங்க. ஒன்பது பேர் இறந்துபோனாங்க. தூங்குற இடமும் சமைக்கிற இடமும் ஒன்னா இருந்தா தப்பிக்க நேரமே கிடைக்காது. ரூமுக்குத் தனியா ஒரு சமையலறை மூலை, ஒரு ஜன்னல், சிலிண்டர் நேரா நிக்க இடம், இது மூணும் இல்லன்னா கேஸை மறந்துடுங்க. இருக்குன்னா வெச்சுக்கங்க, அவசர நம்பர் 1906ஐ போன்ல பதிஞ்சுக்கங்க.

கேஸுக்கு ஆதரவா ஒரே ஒரு விஷயம் சொல்லணும்னா, நம்ம டெல்டா புயல். 2018 நவம்பர் 16ல கஜா வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தப்ப, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கமெல்லாம் நாள் கணக்கா கரண்ட் இல்ல. அப்ப இண்டக்‌ஷன் வெறும் கண்ணாடிப் பலகைதான். குடும்பமா வீடு எடுத்தா ரெண்டும் வேணும்னு நான் சொல்றது இதனாலதான். தனி ரூம்னா, அந்த மாதிரி நேரத்துல பஸ் ஏறி ஊருக்குப் போயிடுவீங்க.

அப்ப அவன் என்ன வாங்கினான்?

1,650 ரூபாய்க்கு ஒரு லிட்டர் எலக்ட்ரிக் ரைஸ் குக்கர். 400 வாட்தான், சின்ன ப்ளக்லயே ஓடும். அரிசியைக் கழுவிப் போட்டு பட்டனை அமுக்கிட்டுக் குளிக்கப் போனா, வரும்போது சோறு ரெடி. தேய்க்க ஒரே ஒரு பாத்திரம்.

அரிசி ஊர்ல இருந்து வருது. அது சும்மா வர்றதுன்னு கணக்கு போடாதீங்க. வீட்டுக்குன்னு வெச்ச நெல்லு, வித்திருந்தா காசு. அதனால கிலோ 50னே போட்டுக்குவோம். ராத்திரிச் சோறு 8 ரூபாய், கரண்ட் 2, மெஸ்ல குழம்பும் பொரியலும் மட்டும் பார்சல் 25. மொத்தம் 35. சோறு வேணாம், குழம்பு மட்டும்னு கேட்டா குடுக்கிற மெஸ் நிறைய இருக்கு, கூச்சப்படாமக் கேளுங்க. வீட்டுல இருந்து வத்தக்குழம்பு பாட்டில் வந்தா அந்த 25ம் மிச்சம்.

அடுத்தது பழைய சோறு. ராத்திரி வடிக்கும்போதே ஒரு பிடி சேர்த்துப் போட்டு, ஆறினதும் தண்ணி ஊத்தி மூடி வெச்சா காலை டிபன் முடிஞ்சது. புழுங்கல் அரிசின்னா இன்னும் நல்லா இருக்கும். சோறு 6, தயிர் 10, சின்ன வெங்காயமும் ஊறுகாயும் 4. 20 ரூபாய். தாத்தாக்கள் இதைச் சாப்பிட்டுட்டுத்தான் நாத்து பறிக்கப் போனாங்க, ஆபீஸ்ல ஏசில உட்கார்ந்து வேலை பார்க்க இது தாங்கும்.

ராத்திரி 25, காலைல 30, ஆக ஒரு நாளைக்கு 55 ரூபாய் மிச்சம். குக்கரோட விலை 30 நாள்ல திரும்பிடும். மாசம் 15 நாள்தான் செஞ்சா ரெண்டு மாசம். மதியம் ஆபீஸ் பக்கத்துல 80 ரூபாய்ச் சாப்பாடு, அதுல கை வைக்க வேணாம்னு சொல்லிட்டேன். இதையே இண்டக்‌ஷன்லயும் செய்யலாமேன்னு நீங்க கேட்கலாம். செய்யலாம், அதுக்கு 5,000 போடணுமாங்கிறதுதான் கேள்வி.

அவன் முதல் மாசம் 19 நாள் சமைச்சிருக்கான். சுவர் காலண்டர்ல சமைச்ச நாளுக்கெல்லாம் ஒரு டிக் போட்டு எனக்கு போட்டோ அனுப்பினான். 19 தடவை 55, 1,045 ரூபாய். ரெண்டாவது மாசம் தலைக்கு மேல வேலை, 12 நாள்தான், 660. குக்கர் காசு போக கையில 55 ரூபாய். இந்த மாசத்துல இருந்து வர்றது முழுசா மிச்சம். அதை சேவிங்ஸ் அக்கவுண்ட்ல விடாதே, சாப்பிட்டுடுவ, நேரா அடகுக் கடன் அசல்ல கட்டுன்னு சொல்லியிருக்கேன். அசல் குறைஞ்சா வட்டியும் குறையும். தீபாவளிக்குள்ள முழுசா மீட்க இது பத்தாது, அவனுக்கும் தெரியும். ஆனா ராத்திரி பட்டினி கிடக்கிறது நின்னுடுச்சு, மாத்திரைச் செலவும் இல்ல.

நீங்க ஆரம்பிக்கணும்னா, முதல்ல எதையும் வாங்காதீங்க. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது வீட்டுல பரண்ல தூங்குற பழைய ரைஸ் குக்கரை எடுத்துட்டு வாங்க. ஒரு மாசம் காலண்டர்ல டிக் போடுங்க. பதினஞ்சுக்கு மேல வந்துச்சுன்னா, அப்புறம் அடுப்பு வாங்குறதைப் பத்திப் பேசலாம்.