வயல் வேலைக்கேற்ற இறப்பர்ச் சப்பாத்து

பாலமுனைக் கமக்காரர் ஒருவர் அக்கரைப்பற்றுக் கடைத்தெருவில் மண்வெட்டி வாங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அலகைத் தட்டி ஓசை கேட்பார். விளிம்பை வெயிலிற் பிடித்துப் பார்ப்பார். பிடி தம் உயரத்துக்கு ஒத்துவருமா என்று நின்ற நிலையிலேயே ஓங்கிப் பார்ப்பார். அதே கமக்காரர், கடைக்காரர் கம்பூட்ஸ் என்று சொல்லும் முழங்காலளவு இறப்பர்ச் சப்பாத்து வாங்கும்போது விலையை மட்டுங் கேட்டு, சோடியைப் பையிலிட்டுக்கொண்டு வீடு திரும்பிவிடுகிறார். இரண்டு நாள் அணிகிறார். குதிகால் உரிகிறது, சேறு சப்பாத்தைப் பிடித்து இழுக்கிறது. மூன்றாம் நாள் அச்சோடி கோழிக்கூட்டின்மேல் ஏறிவிடுகிறது. அதன்பின் "சப்பாத்துப் போட்டு வேளாண்மை செய்ய இயலாது" என்பது அவருடைய தீர்ப்பாகிவிடுகிறது. தீர்ப்பு முழுவதும் தவறன்று. சில வேலைகளுக்கு அது உண்மையே. ஆனால் பெரும்பாலான வேலைகளுக்கு, தெரிவு சரியாக இருந்தால், அது உண்மையன்று.

இச்சிறு பிரசுரத்தில் சப்பாத்தைப் பற்றி இவ்வளவு எழுதுவானேன் என்று கேட்கலாம். 2008 ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் எலிக்காய்ச்சல் பரவியபோது 7,000 பேருக்கு மேற்பட்டோர் நோயாளராக அறிவிக்கப்பட்டனர். 200 பேருக்கு மேல் இறந்தனர். நோய்க்கு ஆளானோரிற் பெருந்தொகையினர் நெல்வயலிற் கால் வைத்தவர்களே. எலி முதலிய பிராணிகளின் சிறுநீரிலிருந்து கிருமி வயல் நீரிலும் ஈரமண்ணிலும் கலக்கிறது. காலிலுள்ள சிறு வெட்டு, நத்தை ஓடு கிழித்த கீறல், நெடுநேரம் நீரில் ஊறி மென்மையடைந்த தோல் ஆகியவற்றின் வழியாக அஃது உடலுட் புகுகிறது. வேளாண்மை வெட்டிய தாளடி, இயந்திர அறுவடை வந்தபின் முன்னிலும் விறைப்பாக நிற்கிறது. அதன் நுனி பாதத்தைக் கீறாத நாளில்லை. நோய்க்கு எத்தனை வாயில்கள் வேண்டும்?

நீரிழிவு நோயுள்ள கமக்காரருக்கு இன்னுமொரு காரணம் உண்டு. மெலியோய்டோசிஸ் என்னும் நோயின் கிருமி சேற்று மண்ணிலேயே வாழ்வது. கிழக்கு மாகாணத்திலும் நோயாளர் கண்டறியப்பட்டுள்ளனர். நீரிழிவுள்ளவரை அது மிகக் கடுமையாகத் தாக்கும். மேலும் நீரிழிவினாற் பாதத்தின் உணர்ச்சி குறைந்தவருக்கு முள் ஏறினாலும் தெரிவதில்லை. நீரிழிவுள்ள கமக்காரர் வெறுங்காலுடன் வயலில் இறங்கலாகாது என்பதே எமது உறுதியான கருத்து.

பாம்பைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. வரம்பு செதுக்குவோரும் அறுவடை செய்வோரும் கண்ணாடி விரியனை நன்கறிவர். வயலிற் கடி பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலுமே விழுகிறது. தடித்த இறப்பர் பல்லின் வேகத்தைக் குறைக்கும். முற்றாகத் தடுக்கும் என்று எவரும் உறுதிகூற முடியாது. கடிபட்டால், சப்பாத்து இருந்ததே என்று வீட்டிற் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.

இனி, எங்கே அணிவது, எங்கே அணியலாகாது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். வரம்பு செதுக்குதல், வாய்க்கால் துப்புரவு செய்தல், பசளை இடுதல், பீடைகொல்லி தெளித்தல், அறுவடை, மாட்டுப்பட்டி வேலை, கரையோர மணற்பாங்கான காணியில் மிளகாய், கத்தரி, வெண்டி ஆகியவற்றைப் பராமரித்தல் என இவையெல்லாம் சப்பாத்துடன் தாராளமாகச் செய்யக்கூடியவை. கணுக்காலுக்குச் சற்றுமேல் வரையுள்ள சேற்றிலும் நடக்கலாம். ஆனால் பெரும்போக ஆரம்பத்தில் உழுது கலக்கிய வயலில், சேறு கெண்டைக்கால் வரை புதையும் இடத்தில், சாதாரண முழங்காற் சப்பாத்து உதவாது. அதன் வாயை மீறி நீர் உள்ளே புகுந்துவிட்டால், அந்த அழுக்கு நீரே நாள்முழுதும் காலை ஊறவைத்துக்கொண்டிருக்கும். அது வெறுங்காலினுங் கேடானது. ஆகவே, நீர் புகுந்த சப்பாத்தை உடனே கழற்றிக் கொட்டிக் காலைக் கழுவுங்கள். "பிறகு பார்க்கலாம்" என்று நிற்காதீர்கள்.

இந்த ஆழ்சேற்று வேலைக்கு யப்பானியர் வேறொரு வழி கண்டனர். கால்விரல் பிரிந்த துணிக் காலுறைக்கு இறப்பர் அடி ஒட்டிய சிக்கா-தாபி என்னும் காலணியை 1923 இல் இஷிபாஷி ஷோஜிரோ என்பவர் குருமே நகரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இவரே 1931 இல் பிரிஜ்ஸ்டோன் டயர்க் கொம்பனியைத் தொடங்கியவர். காலோடு ஒட்டிக் கிடப்பதால் சேறு அதனைக் கழற்றி இழுக்க முடியாது. அதன் துணி நீரை உள்ளே விடும். எனினும் முள்ளும் ஓடும் பாதத்தைக் கிழிக்கா. சேற்றுக்கென்றே காலோடு ஒட்டும்படி மெல்லிய இறப்பரிற் செய்த நெடுஞ்சப்பாத்துகளும் உள்ளன. கிடைப்பின் வாங்கிப் பரீட்சித்துப் பாருங்கள். கிடையாதபோது, காலிற் புண் உள்ளவர் அது ஆறும்வரை ஆழ்சேற்றில் இறங்காதிருத்தலே முறை.

சப்பாத்தைத் தெரிந்தெடுக்கும்போது முதலிற் பார்க்கவேண்டியது எதனாற் செய்யப்பட்டது என்பதாகும். கடையில் இரு வகை உண்டு: இயற்கை இறப்பர், பிளாஸ்டிக். நம் நாட்டில் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் 1876 இல் இறப்பர்க் கன்று நடப்பட்டது. பச்சை இறப்பர் வெயிலிற் பிசுபிசுக்கும், குளிரில் வெடிக்கும். கந்தகஞ் சேர்த்துச் சூடேற்றி அதனை உறுதியாக்கும் முறையை 1839 இல் அமெரிக்கரான குட்இயர் கண்டறிந்தார். 1853 இல் ஹிராம் ஹச்சின்சன் என்பவர் அம்முறையைப் பிரான்சிற்குக் கொண்டுசென்று, வெலிங்டன் கோமகனின் தோற் சப்பாத்தைப் போன்று இறப்பரிற் செய்து அந்நாட்டுக் கமக்காரருக்கு விற்றார். இறப்பர் விளையும் இத்தீவில் நெல் விளைவிப்போர் இன்னும் வெறுங்காலோடு நிற்பது சற்று வேடிக்கையே.

இயற்கை இறப்பர்ச் சப்பாத்தின் உட்புறத்திற் பெரும்பாலும் துணி ஒட்டியிருக்கும். கழுத்தைக் கையால் நசுக்கிவிட்டால் மெல்ல நிமிர்ந்து பழைய வடிவுக்கு வரும். பிளாஸ்டிக் சப்பாத்து அச்சில் வார்த்தது, முன்னும் பின்னும் அச்சுக்கோடு ஓடும், விறைப்பாக இருக்கும். விலையிற் பிளாஸ்டிக் மலிவு; எண்ணெய் பட்டாலும் இறப்பரைப்போல் விரைவில் ஊதிக் கெடுவதில்லை. ஆனால் அது கணுக்கால் மடிப்பில் வெடித்துவிட்டால் சைக்கிள் கடைப் பசை அதில் ஒட்டாது, எறிய வேண்டியதுதான். இறப்பரில் ஓட்டை விழுந்தால் சைக்கிள் டியூப்புக்கு ஒட்டுப்போடுவது போலவே ஒட்டுப்போடலாம். நாள்தோறும் பல மணிநேரம் நடப்பவர் இறப்பரையும், தெளிப்புக்கும் பட்டி வேலைக்கும் மட்டும் அணிபவர் பிளாஸ்டிக்கையும் வாங்குதல் பொருத்தம் என்பது எனது அபிப்பிராயம்.

கடையில் நெடுங்காலங் கிடந்த சரக்கா என்பதை அறிய, கணுக்கால் மடியும் இடத்தை இரு பெருவிரலாலும் அழுத்தி மடித்துப் பாருங்கள். மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரியின் அதனை வைத்துவிடுங்கள். மேலே சாம்பல் பூத்தாற்போல் வெண்மை படிந்திருப்பது மட்டும் குற்றமன்று. இறப்பரிற் கலந்த மெழுகும் கந்தகமும் வெளிவருவதே அது. துணியால் துடைத்தாற் போய்விடும். மேற்பாகமும் அடியும் ஒட்டும் இடத்தை நகத்தால் நெம்பிப் பாருங்கள். அடியிலுள்ள பள்ளங்கள் ஆழமாகவும் ஒன்றுக்கொன்று அகன்றும் இருக்கவேண்டும். நெருக்கமான கோலங்கள் கண்ணுக்கு அழகு. நம் களிமண்ணில் பத்து அடி நடந்தால் அவை அடைந்து, வழவழத்த பலகையாகிவிடும்.

அளவே மிக முக்கியமானது. பயிற்சிக் காலத்தில் எனக்குக் கிடைத்த சோடி ஓர் இலக்கஞ் சிறியது. வேறு கேட்க வெட்கப்பட்டு அதையே ஒரு போகம் முழுவதும் அணிந்தேன். இடது பெருவிரல் நகம் கறுத்து விழுந்தது. சப்பாத்தை வெறுத்தேனேயன்றி அளவைப் பிழைசொல்ல அப்போது எனக்குத் தோன்றவில்லை. இளமை முதல் வெறுங்காலோடு நடந்தவருக்குப் பாதத்தின் முற்பகுதி அகன்றிருக்கும். ஆகையால் இலக்கம் பொருந்தினாலும் முன்பக்கம் இறுக்கும். கடைக்கு மாலையிற் செல்லுங்கள். பகல் முழுதும் நின்ற கால் அப்போது சற்று வீங்கியிருக்கும், வேலை நேரத்துக் காலும் அப்படியே. அணியப்போகும் பருத்திக் காலுறையையும் கொண்டுபோங்கள். இரு காலிலும் போட்டுப் பத்து அடியாவது நடவுங்கள், குந்தியிருந்து எழும்புங்கள். காலை முன்தள்ளி நின்றால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழையவேண்டும். அதற்குமேல் இடைவெளி இருந்தாற் சேறு கழற்றிவிடும். குறைந்தால் நகம் போய்விடும்.

பெண்கள் பலர் கடைக்குச் செல்லாமல் மகனையோ கணவரையோ அனுப்புகின்றனர். அவர்கள் தடித்த காகிதத்தின்மேல் நின்று இரு பாதங்களையும் வரைந்து வெட்டிக் கொடுத்தனுப்பலாம். அக்காகிதம் மடியாமற் சப்பாத்தின் உள்ளே கிடக்குமாயின் அளவு ஒருவாறு சரியே. ஆண்களின் சிறிய இலக்கத்தைப் பெண்கள் அணியும்போது கழுத்து அகன்று கெண்டைக்காலில் அடிக்கும். இலக்கத்தோடு கழுத்தையும் பாருங்கள்.

உயரத்தைப் பொறுத்தவரை, முழங்காலுக்குக் கீழே நான்கு விரல் இடைவெளி விட்டு நிற்பது நன்று. அதற்குமேல் உயர்ந்தாற் குந்தும்போது முழங்கால் மடிப்பில் அறுக்கும். காய்கறித் தோட்டத்துக்கு அரைக் கெண்டைக்கால் வரையுள்ளதே போதும். அது காற்றோட்டமானது, ஆனால் வாயால் மணல் புகும். மணலோடு நடப்பது காலை அரம்போல் அராவும். நீரிழிவுள்ளவர் ஒவ்வொரு முறையும் அணியுமுன் உட்புறத்தைக் கையால் தடவிப் பார்த்தல் வேண்டும். இரும்பு மூக்குள்ள சப்பாத்து மண்வெட்டி வெட்டுக்கு நல்லதுதான், ஆயினும் சேற்றில் அதன் பாரத்தைத் தூக்கி நடக்க நம்மால் ஆகாது.

ளுஹர் தொழுகைக்கு வயலிலிருந்தே வுளூச் செய்யும் நம்மூரவருக்கு, எளிதிற் கழலும் சப்பாத்தே வேண்டும். ஒருவர் உதவியின்றி, ஒரு காலின் நுனியால் மற்றக் குதிகாலை மிதித்துக் கழற்ற முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். நாளில் இருமுறை கழற்றி, சுத்தமான நீரிற் கால் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து உலரவிடுவது சேற்றுப்புண்ணுக்கும் நல்ல தடையாகும். அந்த நேரத்திற் சப்பாத்தைச் சரித்து வையுங்கள், உள்வியர்வை ஆறும்.

பீடைகொல்லி தெளிக்கும்போது சாறனை மடித்துக் கட்டிச் சப்பாத்து அணிவதைப் பல இடங்களிற் காண்கிறோம். இதிற் பயனில்லை. முழங்காலில் விழும் துளி வழிந்து சப்பாத்துக்குள்ளேயே இறங்கும். அங்கே வியர்வையோடு நின்று தோலில் ஊறும். நீள் காற்சட்டை அணிந்து, அதன் கால்களைச் சப்பாத்துக்கு வெளியே தொங்கவிடவேண்டும். வேலை முடிந்ததும் கையுறையோடேயே சப்பாத்தின் வெளிப்புறத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவியபின் கழற்றுங்கள். கழுவிய நீர் வாய்க்காலிலோ கிணற்றடியிலோ சேரலாகாது.

சப்பாத்து அணிந்துவிட்டோம், மாத்திரை எதற்கு என்று எண்ணவேண்டாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை மூலம், ஆபத்துள்ள வயல்களில் வேலை செய்வோருக்கு எலிக்காய்ச்சலைத் தடுக்கும் டொக்சிசைக்கிளின் மாத்திரை வாரம் ஒருமுறை வழங்கப்படுகிறது. வேலைக்கு இறங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். கருவுற்றவருக்கும் சிறுவருக்கும் அது ஏற்றதன்று. ஆதலால் ஒருவருக்குத் தந்ததை மற்றவருக்குப் பகிரவேண்டாம். வயலில் இறங்கிய சில நாட்களிலோ வாரங்களிலோ திடீர்க் காய்ச்சல், கடுந்தலைவலி, கெண்டைக்கால் நோவு, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல் ஆகியவை கண்டால் ஆஸ்பத்திரிக்குச் சென்று, "நான் வயலில் வேலை செய்தேன்" என்பதை முதலிலேயே வைத்தியரிடம் சொல்லுங்கள். இந்த ஒரு சொல் அவருக்குப் பெரிய உதவி.

சேற்றில் நடக்கும் முறையும் பழகவேண்டும். நேரே மேலே இழுத்தாற் காற்றுப் புகாமையாற் சேறு பிடித்துக்கொள்ளும். முதலிற் குதிகாலைச் சற்று வெளிப்புறமாகத் திருப்பி எழுப்பி, பின்னர் நுனியைத் தூக்குங்கள்.

பராமரிப்பில் இரண்டு தவறுகள் பொதுவானவை. பளபளப்புக்காகத் தேங்காயெண்ணெய் பூசுவது ஒன்று, உழவு யந்திர மசகைப் போக்க மண்ணெண்ணெயாற் துடைப்பது மற்றொன்று. இரண்டும் இறப்பரை ஊதச் செய்து மென்மையாக்கிக் கெடுக்கும். சவர்க்கார நீரே போதும். வெயிலிற் காயப்போடாதீர்கள், மடித்துப் பெட்டியிலும் வைக்காதீர்கள், மடிப்பே முதலில் வெடிக்கும். உட்புறம் நனைந்தால் பழைய செய்தித்தாளைத் திணித்து, நிழலில் உலர்த்துங்கள். நெல்லும் எலியும் சேர்ந்திருக்கும் அறையில் நிமிர்த்தி வைத்தால், எந்நோய்க்குப் பயந்து வாங்கினீர்களோ அந்நோயின் கிருமியையே எலி அதனுள் விட்டுச்செல்லக்கூடும். திண்ணையோரத்தில் முழங்கால் உயரமான இரண்டு தடிகளை நட்டு, அவற்றின்மேல் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். காலையில் அணியுமுன் ஒருமுறை தட்டி உதறுங்கள். தவளையோ தேளோ இருந்தால் முதலில் அது இறங்கட்டும்.