உங்கள் கூழ்ப்பூதம் யாருக்குச் சொந்தம்?

வாளால் வெட்டினால் அது சாகாது. இரண்டாகப் பிரிந்து, இரண்டுமே உங்களை நோக்கி ஊர்ந்து வரும். வெட்டியது மந்திரமில்லாத சாதாரண வாள் என்றால் அதுவும் தப்பாது. ஒவ்வொரு அடிக்கும் அரிப்பு ஏறி, அந்த வாள் விளைவிக்கும் சேதத்தில் ஒன்று ஒன்றாகக் குறையும்; ஐந்து குறைந்ததும் வாள் கரைந்தே போய்விடும். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டில் வரும் 'பிளாக் புட்டிங்' என்ற கரிய கூழ்ப்பூதத்தின் குணம் இது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் வெளியிட்ட முதல் பதிப்பிலிருந்தே இந்தப் பூதம் இருக்கிறது. இதன் பங்காளிகளும் உண்டு: உலோகத்தை அரிக்கும் 'கிரே ஊஸ்', மஞ்சள் நிற 'ஓக்கர் ஜெல்லி', நிலவறையின் 10 அடி அகலப் பாதைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போலப் பொருந்தும் 'ஜெலட்டினஸ் கியூப்'.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் பாத்திரங்களாகப் பேசிப் பகடை உருட்டும் விளையாட்டு இது. இதை விளையாடுபவர்கள் சீக்கிரமே சொந்தமாகப் பூதம் செய்யத் தொடங்கிவிடுவார்கள். அதை நாலு பக்க பிடிஎஃப் ஆக்கி இணையத்தில் விற்கவும் செய்வார்கள். சென்னையிலோ கோவையிலோ இருந்துகொண்டும் இதைச் செய்யலாம். ஆனால் விற்பவர்களில் பலருக்கு, அந்தப் பூதத்தில் எது தங்களுடையது, எது யாருடையதும் அல்ல, எதை ஒரு 'ஓகே' பொத்தானை அழுத்தித் தாங்களே கைவிட்டார்கள் என்பது தெரியாது.

முதலில், யாருக்கும் சொந்தமில்லாததைப் பார்ப்போம். 'வெட்டினால் பிரியும், உலோகத்தை அரிக்கும்' என்ற யோசனை பொதுச் சொத்து. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 102(பி) பிரிவு, யோசனைக்கும் செயல்முறைக்கும் ஒழுங்குமுறைக்கும் பாதுகாப்பு இல்லை என்று நேரடியாகச் சொல்கிறது. 'பேங்!' என்ற சீட்டாட்டத்தின் விதிகளையும் பாத்திரங்களின் திறன்களையும் இன்னொரு நிறுவனம் எடுத்துக்கொண்டு, சீன வரலாற்றுப் பின்னணியில் வேறு ஆட்டமாக வெளியிட்டது. டெக்சாஸில் நடந்த வழக்கில் 2016இல் நீதிமன்றம் அந்த நிறுவனத்தின் பக்கம்தான் தீர்ப்பளித்தது. இந்தியாவிலும் நிலைமை இதுதான். ஆர்.ஜி. ஆனந்த் எதிர் டீலக்ஸ் பிலிம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978இலேயே, யோசனைக்கும் கருப்பொருளுக்கும் பதிப்புரிமை கிடையாது என்று தெளிவாக்கிவிட்டது.

ஆகவே 85 உயிர்ப்புள்ளி, அமில எதிர்ப்பு, பிளவுபடும் திறன் ஆகியவற்றை வேறொருவர் தன் சொந்த வார்த்தையில் எழுதினால் நீங்கள் தடுக்க முடியாது. நீங்களும் அப்படியே எழுதலாம். உங்களுக்கு உரியது உங்கள் வாக்கியங்கள், வர்ணனை, வரைந்த படம், வரைபடம், பூதத்தைச் சுற்றிப் பின்னிய கதை ஆகியவை. இவற்றுக்கு எழுதிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது; பதிவு செய்வது கட்டாயமில்லை. இந்தியாவில் அந்த உரிமை எழுதியவரின் ஆயுளுக்கும், அதற்குப் பிறகு 60 ஆண்டுகளுக்கும் நீடிக்கும். பெர்ன் உடன்படிக்கையில் இந்தியாவும் அமெரிக்காவும் உறுப்பினர்கள் என்பதால், இங்கே எழுதியதற்கு அங்கேயும் பாதுகாப்பு உண்டு.

பெயர்கள் விஷயத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். இந்த விளையாட்டின் முதல் பதிப்பிலேயே 'ஹாபிட்' என்ற இனப் பெயர் இருந்தது. டோல்கீன் படைப்புகளின் வணிக உரிமையை வைத்திருந்தவர்களிடமிருந்து சட்ட மிரட்டல் வந்ததும் 'ஹாஃப்லிங்' என்று மாற்ற வேண்டியதாயிற்று. அப்படிப் பட்டுத் தெளிந்த விளையாட்டுதான் பிற்பாடு 'பிஹோல்டர்', 'மைண்ட் ஃப்ளேயர்' போன்ற சில பெயர்களைத் தனக்கே உரியவை என்று வேலி கட்டிக்கொண்டது. கூழ்ப்பூதங்கள் அந்த வேலிக்கு வெளியே இருப்பது எழுதுபவர்களின் அதிர்ஷ்டம்.

இனி நிஜமான ஆபத்துக்கு வருவோம். இந்தத் துறையில் படைப்பாளிகளைக் கலங்கடித்தது திருட்டு அல்ல, ஓர் உரிம ஒப்பந்தம்.

விளையாட்டை நடத்தும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் 'ஓப்பன் கேம் லைசென்ஸ்' என்ற திறந்த உரிமத்தை வெளியிட்டது. அடிப்படை விதிகளை எவரும் எடுத்து, சொந்தப் புத்தகம் போட்டு, காசுக்கு விற்கலாம். இதை நம்பி ஒரு தொழிலே வளர்ந்தது. அந்த உரிமத்தில் 'நிரந்தரம்' என்ற சொல் இருந்தது. 'திரும்பப் பெற முடியாதது' என்ற சொல் இல்லை. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிற்காலத்தில் உரிமம் மாறினாலும் பழையதையே தொடர்ந்து பயன்படுத்தலாம் என்று நிறுவனமே தன் விளக்கக் குறிப்பில் சொல்லியிருந்ததுதான் காரணம்.

2023 ஜனவரி 5ஆம் தேதி கிஸ்மோடோ செய்தித்தளம், கசிந்த ஒரு புதிய வரைவை அம்பலப்படுத்தியது. பழைய உரிமம் இனி 'அங்கீகரிக்கப்பட்டது' அல்ல என்றது அந்த வரைவு. ஆண்டு வருவாய் 7,50,000 டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 25 சதவீதம் வரை ராயல்டி கேட்டது. அதைவிடக் கொடுமை இன்னொரு விதி: நீங்கள் எழுதும் எதையும் நிறுவனம் காலவரையின்றி, உலகெங்கும், உங்களுக்கு ஒரு காசும் தராமல் பயன்படுத்திக்கொள்ளலாம். ராயல்டி பெரிய பதிப்பகங்களைத்தான் தொட்டிருக்கும். இந்த விதி நாலு பக்க பிடிஎஃப் விற்பவரையும் தொட்டிருக்கும்.

விளையாட்டுக்காரர்கள் கொதித்துப்போனார்கள். பலர் விசார்ட்ஸின் 'டி அண்ட் டி பியாண்ட்' இணையச் சேவையின் சந்தாவை ரத்து செய்தார்கள். பழைய உரிமத்தை நம்பி நூல்கள் வெளியிட்டுவந்த பைசோ நிறுவனம், யார் கையிலும் சிக்காத புதிய 'ஓ.ஆர்.சி.' உரிமத்தை உருவாக்கப்போவதாக ஜனவரி 12 அன்றே அறிவித்தது. விசார்ட்ஸ் ஒரு திருத்திய வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. 15,000க்கும் அதிகமானோர் பதில் அனுப்பினார்கள். அவர்களில் 88 சதவீதம் பேர் புதிய உரிமத்தின் கீழ் வெளியிட மாட்டோம் என்றார்கள். ஜனவரி 27 அன்று நிறுவனம் இறங்கி வந்தது. பழைய உரிமம் அப்படியே நீடிக்கும் என்றது. விதிகளின் தொகுப்பான எஸ்.ஆர்.டி. 5.1 ஆவணத்தை 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமத்தின் கீழ் வெளியிட்டது. இதைப் பெருந்தன்மை என்று நான் நினைக்கவில்லை. சந்தா குறைந்தால் எவருக்கும் ஞானம் வரும்.

அந்த ஆவணத்தில் பிளாக் புட்டிங் முதல் ஜெலட்டினஸ் கியூப் வரை கூழ்ப்பூதங்கள் அத்தனையும் இருக்கின்றன. இன்று அதில் உள்ள அவற்றின் திறன் குறிப்புகளையும் எண்களையும் வரிக்கு வரி எடுத்து, மாற்றி, விற்கலாம். அவர்கள் தந்திருக்கும் நன்றிக் குறிப்பை உங்கள் நூலில் சேர்ப்பதுதான் முக்கிய நிபந்தனை. விதிகளை மீறாத வரை இந்த உரிமத்தை இனி அவர்களே நினைத்தாலும் திரும்பப் பெற முடியாது. குறிப்பைப் போட மறந்தால் உரிமம் தானாக ரத்தாகும். தவறு தெரிந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் தானாகவே உயிர்பெறும். அட்டையில் விளையாட்டின் சின்னத்தை மட்டும் போடாதீர்கள். 'ஐந்தாம் பதிப்புக்கு இணக்கமானது' என்று போடலாம்.

இத்தகைய நூல்களை விற்கும் 'டிஎம்ஸ் கில்ட்' தளம் வேறு கதை. நிறுவனத்தின் மூடிய உலகங்களையும் பாத்திரங்களையும் அங்கே பயன்படுத்தலாம். விலையில் பாதி உங்களுக்குக் கிடைக்கும். அதற்குப் பதிலாக, அங்கே போட்ட பூதத்தை வேறெங்கும் விற்க முடியாது. தளத்தில் உள்ள மற்றவர்கள் அதைத் தங்கள் நூலில் சேர்த்துக்கொள்ளவும் செய்யலாம். சொந்த உலகம் கட்டும் ஆசை உள்ளவர்களுக்கு இது நஷ்ட வியாபாரம் என்பது என் கருத்து.

பிறருக்காக எழுதிக் கொடுப்பவர்கள் இந்தியச் சட்டத்தின் இரண்டு பிரிவுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். 19ஆம் பிரிவின்படி, உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்துடன் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். எழுத்தாளருக்கு இது சாதகம். ஆனால் 17ஆம் பிரிவு ஓவியரிடம் இரக்கம் காட்டுவதில்லை. காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லையென்றால், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர். பூதத்தை வரைந்து கொடுக்கும் முன் இரண்டு வரி ஒப்பந்தமாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் வாக்கியங்களையோ படத்தையோ யாராவது அப்படியே எடுத்து விற்றால் முதலில் ஆதாரத்தைச் சேகரியுங்கள்: தேதியுள்ள கோப்புகள், பழைய வரைவுகள், அவர்களின் விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட். அமெரிக்கத் தளம் என்றால் அந்நாட்டு இணையப் பதிப்புரிமைச் சட்டமான 'டிஎம்சிஏ'யின் கீழ் நீக்க அறிவிப்பு அனுப்பலாம். பெரும்பாலான விவகாரங்கள் அதிலேயே முடிந்துவிடும். இந்தியாவில் இணைய இடைத்தரகருக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தால், 36 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு பெற்றுத் தராவிட்டால் அந்தப் பக்கம் மறுபடி திறக்கப்படலாம். அதற்குள் வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள். விருப்பமிருந்தால் 500 ரூபாய் கட்டணத்தில் உங்கள் படைப்பைப் பதிவும் செய்துகொள்ளலாம். நீதிமன்றத்தில் அது நல்ல சான்று.

வழக்கை நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நீதிமன்றத்திலேயே தொடுக்க 62ஆம் பிரிவு இடம் தருகிறது. தடையுத்தரவு, இழப்பீடு, அவர்கள் ஈட்டிய லாபத்தின் கணக்கு ஆகியவற்றைக் கேட்கலாம். இழப்பீடு கேட்பதற்கான காலவரம்பு, உரிமை மீறப்பட்ட நாளிலிருந்து 3 ஆண்டுகள்.